பெட்டி வந்தது, கை வரலை!

‘‘இதுல கத்துக்க என்ன சார் இருக்கு? மேல உட்கார்ந்து தட்ட வேண்டியதுதானே!’’

கஹோன் என்ற வாத்தியத்தைப் பற்றி நம் ஊரில் அதிகம் காதில் விழுகிற வாக்கியம் இதுதான். வாங்குகிறவர் சொல்கிறார். விற்கிறவர் சொல்கிறார். கொடுமை என்னவென்றால், ஃபீஸ் வாங்கிக்கொண்டு சொல்லித்தருகிறவரும் இதையேதான் சொல்கிறார்.

நீங்களும் பார்த்திருப்பீர்கள். காபி ஷாப்பில், காலேஜ் கல்ச்சுரலில், டி.வி.யின் ‘அன்ப்ளக்டு’ நிகழ்ச்சியில், சர்ச் பாடகர் குழுவில்... கிடார்காரர் பக்கத்தில் ஒருவர் மரப்பெட்டி மேல் உட்கார்ந்து, இரண்டு கால்களுக்கு நடுவில் கையை விட்டுத் தட்டிக்கொண்டிருப்பார். அந்தப் பெட்டிதான் கஹோன். இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்துவிட்டு ‘கேஜான்’ என்று சொல்கிறவர்கள் உண்டு. ஸ்பானிய மொழியில் ‘ஜே’ எழுத்துக்கு ‘ஹ’ ஒலி. ஆகவே, கஹோன். மேஜை இழுப்பறை, பெரிய பெட்டி என்று அர்த்தம். சொந்த ஊர், தென் அமெரிக்காவில் இருக்கும் பெரு.

சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் போகலாம். டிரம் செட் மாதிரி மாடிப்படி ஏற்ற நாலு பேர் வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் போலீஸுக்கு போன் போட மாட்டார். இத்தனை சௌகரியம் இருக்கும்போது பெட்டி பரவாமல் என்ன செய்யும்? பரவட்டும். சந்தோஷம். என் சண்டை பெட்டியோடு இல்லை. பெட்டி வந்தது, அதை வாசிக்கிற கை கூடவே வரவில்லை. வரவில்லை என்பதுகூடப் பரவாயில்லை, ‘அப்படி ஒரு கையே தேவையில்லை’ என்று கூசாமல் சொல்கிறார்களே, அதோடுதான் சண்டை.

ஒரு விஷயத்தை முதலிலேயே தெளிவாக்கிவிடுவோம். கஹோன் எளிமையான பெட்டி. எளிமையான வாத்தியம் இல்லை. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். மிருதங்கத்தின் வலந்தலையில் கரணை இருக்கிறது. நாதத்துக்குத் துணை நிற்கிறது. தபலாவில் மை வட்டம் இருக்கிறது. கஹோனில் என்ன இருக்கிறது? மெல்லிசாக ஒரு ஒட்டுப்பலகை. அவ்வளவுதான். கருவி எவ்வளவு குறைவாகத் தருகிறதோ, அவ்வளவு அதிகமாகக் கை தர வேண்டியிருக்கிறது. இது எல்.கே.ஜி. கணக்கு.

*

பெட்டி எப்படிப் பேசுகிறது என்று பார்ப்போம்.

முன்பக்கப் பலகைக்கு ‘தாப்பா’ என்று பெயர். மற்ற பக்கங்கள் தடித்த பலகை. தாப்பா மட்டும் சில மில்லிமீட்டர் தடிமன்தான். பின்பக்கம் ஒரு வட்ட ஓட்டை. தாப்பாவின் மேல்விளிம்பிலிருந்து ஒரு சாண் கீழே, நடுவில், விரல்கள் சேர்ந்த கை தட்டையாக விழுந்தால், பலகை உள்ளே அமுங்கி வெளியே வருகிறது. பெட்டிக்குள் அடைபட்ட காற்று பின் ஓட்டை வழியாக மூச்சு விடுகிறது. அதுதான் ‘தொம்’.

இங்கேதான் முதல் ரகசியம். கை விழுந்ததும் உடனே விலக வேண்டும். விலகாமல் பலகை மீதே அரை விநாடி தங்கினாலும், அதிர வேண்டிய பலகையை நீங்களே அமுக்கிப் பிடித்துவிடுகிறீர்கள். ‘தொம்’ வராது; கதவைத் தட்டின மாதிரி ‘டொப்’ என்று வரும். சூடான தோசைக்கல்லில் தெரியாமல் பட்ட கை எப்படித் திரும்பும்? அப்படித் திரும்ப வேண்டும். அடிப்பது பாதி வித்தைதான். எடுப்பது மீதி.

அடுத்தது ‘டக்’. தாப்பாவின் மேல்விளிம்பில், மூலைப் பக்கமாக, விரல்கள் மட்டும் படுகிற அடி. கை கழுவிவிட்டுத் துண்டு இல்லாதபோது விரலை உதறுவோமே, அந்த உதறல். மணிக்கட்டு தளர்ந்திருக்க வேண்டும். பல பெட்டிகளில் மேல்மூலையின் திருகாணிகளைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ள வசதி இருக்கும். பலகை சட்டத்தில் மோதி, சவுக்கு சொடுக்கின மாதிரி சத்தம் வரும்.

மூன்றாவது, விரல்நுனித் தொடுகை. கேட்டும் கேட்காத அடி. மேல்நாட்டார் ‘கோஸ்ட் நோட்’ என்பார்கள், பேய் அடி! ஆனால் நான் பார்த்தவரை தாளத்துக்கு உயிர் கொடுப்பதே இந்தப் பேய்தான். இரண்டு பெரிய அடிகளுக்கு நடுவில் காலத்தைப் பிடித்துவைத்திருப்பது இது. இது இல்லாத கஹோன், இடைவெளி விட்டுச் சுவரில் ஆணி அடிக்கிற சத்தம்தான்.

இந்த மூன்று சத்தமும் வலது கையிலும் இடது கையிலும் ஒரே மாதிரி, ஒரே அளவில், கேட்ட மாத்திரத்தில் வர வேண்டும். முயன்று பாருங்கள். வலது கை சொன்னபடி கேட்கும். இடது கை, மாமியார் வீட்டுக்கு முதல் தடவை வந்த மாப்பிள்ளை மாதிரி முறுக்கிக்கொண்டு நிற்கும். அதை வழிக்குக் கொண்டுவரவே சில மாதங்கள் ஆகும். ஒரு வாரத்தில் முடியும் என்று சொல்கிறவர் எந்தக் கையைப் பற்றிச் சொல்கிறார் என்று கேளுங்கள். பாக்கெட்டுக்குள் போகிற கையாக இருக்கும்.

*

இந்தக் கை எங்கிருந்து வந்தது? கொஞ்சம் பெருவுக்குப் போவோம்.

ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக்கொண்டு வரப்பட்ட மனிதர்களை ஸ்பானியர்கள் பெருவின் கடற்கரைப் பகுதியில் அடிமைகளாக வைத்திருந்தார்கள். கரும்பு, பருத்தித் தோட்டங்களில் வேலை. லிமாவின் பெரிய வீடுகளில் வேலை. அந்த நாட்டில் அடிமை முறை ஒழிந்தது 1854-ல், ரமோன் காஸ்தியா காலத்தில். அதற்கு முன்பே அந்த மக்களின் இசையில் பெட்டி வந்து உட்கார்ந்துவிட்டது. தோல் கொட்டுகளுக்குத் தடை போட்டதால் பெட்டிக்கு மாறினார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். துறைமுகத்தில் சரக்குப் பெட்டி தூக்கியவர்கள் அதன் மேலேயே உட்கார்ந்து தட்டியதில் பிறந்தது என்று இன்னொரு கதை. எந்தக் கதையாக இருந்தாலும் நடந்தது ஒன்றுதான். கையில் ஒன்றுமே இல்லாதவர்கள், கிடைத்த பெட்டியைப் பேச வைத்தார்கள். கியூபாவிலும் இதே மாதிரி, மீன் வந்த பெட்டியும் மெழுகுவத்தி வந்த பெட்டியும் ரும்பாவுக்குத் தாளமாயின. கழுதையின் தாடை எலும்பைக்கூட பெருவில் வாத்தியமாக்கி வைத்திருக்கிறார்கள். கடைவாய்ப்பற்கள் ஆட்டம் கண்டு கடகடவென்று அதிரும், கேட்டால் அசந்துவிடுவீர்கள்.

இதை மேடைக்குக் கொண்டுவரவே ஒரு போராட்டம் தேவைப்பட்டது. 1956-ல் ஹோசே துராந்த் என்ற அறிஞர் கறுப்பினக் கலைஞர்களைத் திரட்டி லிமா முனிசிபல் தியேட்டரில் ஏற்றினார். பிறகு நிக்கோமேதெஸ் சாந்தா குரூஸ், அவர் அக்கா விக்தோரியா சாந்தா குரூஸ் இருவரும் பாட்டும் நாடகமும் நடனமுமாக, மறைந்துகொண்டிருந்த வடிவங்களைத் தூசு தட்டி எடுத்தார்கள். 1969-ல் ரொனால்தோ காம்போஸ் ‘பெரு நெக்ரோ’ குழுவை ஆரம்பித்தார். கஹோன் பெருமையோடு நடுமேடைக்கு வந்தது.

அந்த மேடையில் என்ன வாசித்தார்கள்? ஃபெஸ்தேஹோ என்று ஒரு துள்ளல் வடிவம். நம் திஸ்ர நடைக்குப் பழகிய காது சட்டென்று தலையாட்டும். லாண்டோ என்று இன்னொன்று. மெதுவாக, இடுப்பை அசைத்து நடக்கிற தாளம். அதில் ‘ஒன்று’ எங்கே விழுகிறது என்று கண்டுபிடிக்க வெளியூர் வித்வான்களே திணறுவார்கள். அந்த இடங்களில் கஹோன் வெறுமனே நேரம் காட்டும் கடிகாரம் இல்லை. பாடுகிறவரோடு பேசுகிறது, ஆடுகிறவரின் காலைச் சீண்டுகிறது. இதையெல்லாம் எந்த யூனிவர்சிட்டியிலும் கற்கவில்லை. வீட்டில், திண்ணையில், விருந்தில், அப்பாவும் மாமாவும் வாசிப்பதைப் பார்த்து, அவர்களிடம் திட்டு வாங்கி, பல வருடம் உட்கார்ந்து கற்றது.

பள்ளிக்கூடம் இல்லை என்பது வேறு. பாடம் இல்லை என்பது வேறு. இந்த வித்தியாசத்தைத் தயவுசெய்து பிடித்துக்கொள்ளுங்கள். மீதி எல்லாமே இதில்தான் இருக்கிறது.

*

அப்புறம் பெட்டி எப்படி உலகம் சுற்றியது? அது இன்னும் சுவாரஸ்யம்.

1977. ஸ்பெயினின் ஃப்ளமெங்கோ கிடார் மேதை பாகோ தெ லூசியா தன் குழுவோடு லிமாவுக்குப் போகிறார். அங்கே ஒரு விருந்தில், பாடகி சபூக்கா கிராந்தாவோடு கைத்ரோ சோத்தோ என்ற கலைஞர் கஹோன் வாசிப்பதைக் கேட்கிறார். அசந்துபோகிறார். ஃப்ளமெங்கோவில் அதுவரை தாளம் என்றால் கைதட்டலும் காலடியும்தான். அந்தக் கைதட்டலுக்கும் காலடிக்கும் நடுவில் இந்தப் பெட்டி கச்சிதமாக உட்காரும் என்று அவர் காது சொல்கிறது. பெட்டியை ஸ்பெயினுக்குக் கொண்டுபோகிறார். குழுவின் தாளக்காரர் ரூபெம் தாந்தாஸ் கையில் அது போகிறது.

கவனியுங்கள். ரூபெம் தாந்தாஸ் பெருக்காரர் இல்லை, பிரேசில்காரர். அவர் ஏற்கெனவே கைக்கொட்டுகளில் ஊறியவர். புதுப் பெட்டி கிடைத்ததும் ‘தட்ட வேண்டியதுதானே’ என்று இறங்கவில்லை. புலேரியாவின் பன்னிரண்டு அடிச் சுழற்சிக்கு எந்த இடத்தில் ‘தொம்’, எந்த இடத்தில் ‘டக்’, ஆடுகிறவரின் குதிகாலை எங்கே தாங்க வேண்டும் என்று ஒரு புதுக் கை வழியையே உருவாக்கினார். சில வருடங்களில் ஸ்பெயின் முழுக்க கஹோன். காலடிச் சத்தத்துக்கு ஈடுகொடுக்க இன்னும் கூர்மை தேவைப்பட்டது; பெட்டிக்குள் தாப்பாவை ஒட்டி கிடார் கம்பிகளைக் கட்டினார்கள். அடித்தால் ‘சர்ர்’ என்று ஒரு நறநறப்பு. பெருவின் கஹோனில் இந்தக் கம்பி கிடையாது.

ஆக, ஊர்விட்டு ஊர் போய் வாத்தியம் மாறுவது தப்பே இல்லை. ‘பெருக்காரன் மட்டும்தான் வாசிக்கணும்’ என்று நான் கொடி பிடிக்கவில்லை. ஸ்பெயினில் பெட்டி மாறியபோது கையும் சேர்ந்து மாறியது. ஒரு காரணத்துக்காக மாறியது. அதுதான் நேர்மை. ஆனால் நன்றி என்று ஒன்று இருக்கிறது இல்லையா? ‘ஃப்ளமெங்கோ கஹோன்’ என்ற பெயர் உலகக் கடைகளில் பரவப் பரவ, இது ஸ்பெயினின் சரக்கு என்றே பலர் நம்ப ஆரம்பித்தார்கள். 2001-ல் பெரு அரசு கஹோனைத் தன் தேசப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. 2014-ல் அமெரிக்க நாடுகள் அமைப்பும் இதைப் பெருவின் வாத்தியமாக அங்கீகரித்தது. தன் வீட்டுப் பிள்ளையைத் தன் பிள்ளை என்று பத்திரம் பதிவு செய்ய வேண்டிய நிலைமை!

*

இப்போது நம் ஊருக்கு வருவோம். நம்மிடம் பெட்டி வந்தது. ஸ்பானியக் கம்பியோடு வந்தது. எந்தக் காரணமும் கூட வரவில்லை.

இங்கே கஹோன் என்றால் ஏழையின் டிரம் செட். ‘தொம்’ என்றால் கால்மிதி பேஸ் டிரம். ‘டக்’ என்றால் ஸ்னேர். தொம்-டக், தொம்தொம்-டக். முதல் வகுப்பில் இதுதான். ஐந்தாவது வகுப்பிலும் இதுதான். பத்தாவது வகுப்பில் இதையே வேகமாக. ‘‘ஒரு பீட் கத்துக்கிட்டா நூறு பாட்டு வாசிக்கலாம் சார்’’ என்கிறார் ஒரு மாஸ்டர். உண்மைதான். நூறு பாட்டும் ஒரே பாட்டு மாதிரி கேட்கும். ராஜா பாட்டோ ரஹ்மான் பாட்டோ, காதலோ சோகமோ, எல்லாவற்றுக்கும் தொம்-டக்.

கம்பி வேறு இவர்களுக்குப் பெரிய உபகாரம் செய்கிறது. கை எவ்வளவு மோசமாக விழுந்தாலும் கம்பி ‘சர்ர்’ என்று ஒரு பளபளப்பைப் பூசிவிடும். மாவு புளித்துப்போனால் மிளகாய்ப்பொடியை அள்ளிப் போடுவதில்லையா, அதுபோல. கூடவே மைக். பின் ஓட்டை பக்கத்தில் ஒரு மைக்கை வைத்து, சவுண்ட் இன்ஜினீயர் பேஸைத் திருகினால், நோஞ்சான் ‘டொப்’கூட கோயில் முரசாகிவிடும். மேடையில் கைதட்டல் வாங்குவது பையனா, மிக்ஸரா?

இப்படிப் பழகிய ஒருவரிடம் கம்பி இல்லாத பெருவியப் பெட்டியைக் கொடுத்து, மைக்கை அணைத்துவிட்டு, மெதுவாக வாசிக்கச் சொல்லுங்கள். எல்லாம் வெட்ட வெளிச்சமாகிவிடும்.

இது ரசனைப் பிரச்னை மட்டும் இல்லை, உடம்புப் பிரச்னையும்கூட. வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளைப் பாருங்கள். பலகையின் நடு மையத்தைத் தேடிக் குனிந்து குனிந்து, கூன் போட்டு அடிக்கிறார்கள். அவ்வளவு கீழே போகவே தேவையில்லை. ‘தொம்’ ஒரு சாண் தூரத்திலேயே இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. சத்தம் போதவில்லை என்று தோளிலிருந்து ஓங்கி அறைகிறார்கள். முன்கையின் எடையைத் தானாக விழவிட்டாலே போதும் என்று யாரும் சொல்லவில்லை. விரலில் மோதிரம். கழற்று என்று சொல்ல நாதியில்லை. விரல் கன்றுகிறது, மணிக்கட்டு வீங்குகிறது. ‘‘வலிச்சாத்தான் தம்பி வித்தை வரும்’’ என்று ஒரு தத்துவம் வேறு! அபத்தம். வித்தை வந்த கைக்கு வலிக்காது. ஆரம்பத்தில் விரல் கொஞ்சம் சிவப்பது சகஜம். ஆனால் மணிக்கட்டு வலியும் விரல் மரத்துப்போவதும் உழைப்பின் அடையாளம் இல்லை. அடி தப்பு என்று உடம்பு எழுதித் தருகிற புகார். அந்தப் புகாரைக் கிழித்துப் போடச் சொல்கிறவர் மாஸ்டர் இல்லை.

*

இதைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். வரட்டும். மூன்று பேருக்கும் பதில் வைத்திருக்கிறேன்.

முதல் ஆள்: ‘‘ஜாலியா ஃப்ரெண்ட்ஸோட வாசிக்கத்தான் சார் வாங்கினேன். நான் என்ன கைத்ரோ சோத்தோவா ஆகப்போறேன்?’’ ஆக வேண்டாம் தம்பி. யாரும் எல்லாரும் வித்வானாக வேண்டும் என்று சொல்லவில்லை. மொட்டை மாடியில் வாசிக்கவும் ‘தொம்’ ‘தொம்’மாக இருந்தால் நல்லதுதானே? நீச்சல் கற்பவர் எல்லாரும் ஒலிம்பிக் போவதில்லை. அதற்காக மூழ்குவதை நீச்சல் என்று யாரும் சொல்லித்தருவதில்லை.

இரண்டாவது ஆள்: ‘‘எல்லாம் யூட்யூப்ல இருக்கே!’’ இருக்கிறது. நல்ல கலைஞர்களைப் பார்க்க அதைவிட வசதி உலகத்தில் எப்போதும் இருந்ததில்லை. பாருங்கள், கேளுங்கள். ஆனால் வீடியோ, கை எங்கே விழுகிறது என்று காட்டும். எப்போது எழுகிறது என்பதைக் கண் அவ்வளவு சுலபமாகப் பிடிக்காது. அதைவிட முக்கியம், நீங்கள் அதைப் பார்க்கலாம். அது உங்களைப் பார்க்காது. உங்கள் இடது தோள் காதுவரை ஏறி நிற்பதை எந்த வீடியோவும் தட்டி இறக்காது.

மூன்றாவது ஆள்தான் முக்கியமானவர். கேள்வியும் நியாயமானது: ‘‘அடிமைகளும் ஏழைகளும் உண்டாக்கின வாத்தியம் அது. யார் வேணும்னாலும் தட்டலாம்கிறதுதானே அதோட அழகு? அதுக்குப் போய் பாடம், பயிற்சி, குருன்னு வேலி போடறீங்களே?’’

ஐயா, வேலி போடுவது நான் இல்லை. யோசித்துப் பாருங்கள். வயலின் என்றால் பத்து வருடம் என்கிறோம். வீணை என்றால் ஒரு ஜென்மம் போதாது என்கிறோம். பெட்டி என்றால் மட்டும் ஒரு வாரம். இந்தக் கணக்கை யார் போட்டது? அரண்மனையில் இருந்து வந்ததற்கு சாஸ்திரம் உண்டு. தோட்டத்தில் இருந்து வந்ததற்கு சாஸ்திரம் கிடையாது என்று முன்னாலேயே முடிவு கட்டிவிட்டு, அதற்கு ‘மக்கள் வாத்தியம்’ என்று பாராட்டுப் பத்திரம் வேறு வாசிக்கிறோம். ‘அவங்களுக்கு ரத்தத்துலயே தாளம் இருக்கு’ என்பார்களே, அதுவும் இதே ஜாதிதான். கேட்கப் பாராட்டு மாதிரி இருக்கும். அவர்கள் உட்கார்ந்து உழைத்துக் கற்றதை, தோல் நிறத்தின் கணக்கில் எழுதிவிடுகிற தந்திரம் அது.

நமக்கு இது புதுசா? பறையை ‘சும்மா தட்டறது’ என்று சொன்ன ஊர் இது. ஒரு குச்சி தடித்தது, ஒரு குச்சி மெலிந்தது, ஒவ்வொரு சடங்குக்கும் ஒவ்வொரு அடி, தோலைக் காய்ச்ச ஒரு பதம் என்று அதற்குள் ஒரு பெரிய படிப்பே இருக்கிறது. வாசித்தவர்களின் பெயரைக் கேட்காத சமூகம், படிப்பின் பெயரை மட்டும் கேட்குமா? பறையை இன்று நகரத்துப் பிள்ளைகள் வகுப்புக்குப் போய் முறையாகக் கற்கிறார்கள். எந்த வேலியும் அதனால் முளைக்கவில்லை. மரியாதைதான் முளைத்தது.

பெருவிலேயே பாருங்களேன். ரஃபேல் சாந்தா குரூஸ், அதே கலைக் குடும்பத்துப் பிள்ளை. 2008-ல் லிமாவில் கஹோன் திருவிழா ஆரம்பித்தார். நூற்றுக்கணக்கானவர்கள் சதுக்கத்தில் பெட்டியோடு கூடி ஒன்றாக வாசிப்பார்கள். குழந்தை, கிழவர், கைதேர்ந்தவர், கற்றுக்குட்டி எல்லாரும் உண்டு. அதைவிடத் திறந்த வாசல் இருக்க முடியுமா? அதே மனிதர்தான் அதற்கு முன்பு, 2004-ல், ஆப்பிரிக்க-பெருவியக் கஹோனுக்கென்றே ஒரு முழுப் புத்தகம் எழுதினார். ‘எல்லாரும் வாங்க’ என்றவரும் ‘இதில் படிக்க நிறைய இருக்கு’ என்றவரும் ஒரே ஆள். இரண்டுக்கும் சண்டையே இல்லை. 2014-ல் அவர் இறந்துபோனார். வாசல் திறந்தே இருக்கிறது. நாம்தான் வாசலைப் பார்த்துவிட்டு, வீட்டையே பார்த்துவிட்டதாகச் சொல்லிக்கொள்கிறோம்.

*

சரி, திட்டினது போதும். உங்கள் பையனோ பெண்ணோ கஹோன் கற்கப் போவதாக இருந்தால் என்ன செய்யலாம்?

பணம் கட்டுவதற்கு முன்னால் மாஸ்டரை ஐந்து நிமிடம் வாசிக்கச் சொல்லுங்கள். வேகமாக இல்லை. மெதுவாக. சத்தமாக இல்லை. பக்கத்து அறையில் குழந்தை தூங்குகிற மாதிரி மெல்ல. மைக் வேண்டாம். வேகத்திலும் சத்தத்திலும் எந்தக் குறையையும் ஒளிக்கலாம். மெதுவான, மெல்லிய வாசிப்பில் ஒளிய இடமே கிடையாது. ஐந்து நிமிடம் உங்களை அந்த நாற்காலியில் அவரால் உட்காரவைக்க முடிந்தால், பணத்தைக் கட்டிவிடலாம்.

முதல் மாதம் பாட்டு கேட்காதீர்கள். ‘தொம்’ மட்டும், ‘டக்’ மட்டும், விரல்நுனி மட்டும் சொல்லித்தருகிறார் என்றால் சந்தோஷப்படுங்கள். ‘‘காசு கொடுத்து ஒரு மாசமா தொம் தொம்னு தட்டிட்டிருக்கான்’’ என்று அலுத்துக்கொள்கிற அப்பாக்களால்தான் பாதி மாஸ்டர்கள் கெட்டுப்போகிறார்கள். இரண்டாவது வாரத்திலேயே சினிமாப் பாட்டு வேண்டும் என்று நீங்கள் நச்சரித்தால், அவர் வயிற்றுப்பாட்டுக்குத் தொம்-டக் சொல்லித்தராமல் என்ன செய்வார்? இந்த வியாதியில் நமக்கும் பங்கு உண்டு.

வீட்டில் தினமும் இருபது நிமிடம் போதும். நிமிர்ந்து உட்காரட்டும். மோதிரம், வாட்ச் கழற்றட்டும். மெட்ரோனோம் வைத்து, வேகத்தைப் பாதியாகக் குறைத்து, இடது கையை முன்னால் விட்டுப் பழகட்டும். வலித்தால் நிறுத்தட்டும். வாசித்ததை போனில் பதிவு செய்து கேட்கட்டும். வாசிக்கும்போது ஏமாற்றுகிற காது, பிறகு கேட்கும்போது ஏமாற்றாது. வாசிக்கிற நேரம் போக, பெரு நெக்ரோவைக் கேட்கட்டும். சூசானா பாகா பாடுவதைக் கேட்கட்டும். பின்னால் பெட்டி எப்போது பேசுகிறது என்பதோடு, எப்போது சும்மா இருக்கிறது என்பதையும் கவனிக்கட்டும்.

ஸ்பானிய மொழியில் ஒரு சொலவடை உண்டு. ஒரு விஷயம் ரொம்ப வெளிப்படையானது, சொல்லவே தேவையில்லாதது என்றால், அது ‘கஹோன்’ விஷயம் என்பார்கள். வாத்தியத்துக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. ஆனாலும் நம் ஆட்கள் இந்தப் பெட்டியைப் பார்க்கிற பார்வைக்கு இதைவிடப் பொருத்தமான சொலவடை கிடைக்காது. ‘இதுல கத்துக்க என்ன சார் இருக்கு?’

கேட்கிறவருக்கு நான் சொல்கிற பதில் சின்னது. ஒரே ஒரு ‘தொம்’ அடியுங்கள். அது ஒலித்து அடங்கும்வரை கேளுங்கள். பிறகு இடது கையால் அதே மாதிரி இன்னொன்று அடியுங்கள். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால், நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. இல்லையென்றால், அடுத்த திங்கட்கிழமை வகுப்பில் சேர்ந்துவிடுங்கள்.